மாதக் கட்டணமா, ஓப்பன் சோர்ஸா? கோத்தகிரி ஸ்டுடியோவிலிருந்து ஒரு கேள்வி

"அண்ணா, நாங்கள் கோத்தகிரியில் சின்னதாக ஒரு போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறோம். என் வீட்டுக்காரர் படம் எடுப்பார், எடிட்டிங்கும் ஆல்பம் டிசைனும் நான் பார்க்கிறேன். குன்னூரில் இன்னொரு கடையைத் தம்பி பார்த்துக்கொள்கிறான். படகர் ஹட்டிகளில் (ஊர்களில்) கல்யாணங்கள், காதுகுத்து, ஹெத்தையம்மன் பண்டிகை என்று பல வருடப் படங்கள் ஹார்டு டிஸ்க்குகளில் கிடக்கின்றன, மொத்தம் மூன்று டெராபைட்டுக்கு மேல் இருக்கும். போன மழையில் ஒரு டிஸ்க் திறக்காமலே போய்விட்டது, அதில் இருந்த ஒரு கல்யாணப் படத்தை அந்த வீட்டுக்குத் திருப்பித் தர முடியவில்லை. ஜிமெயிலிலும் 15 ஜிபி நிறைந்துவிட்டது என்று எச்சரிக்கை வந்துகொண்டே இருக்கிறது. கூகுளில் 2 டெராபைட் வாங்கிவிடலாம் என்கிறார் அவர். கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் படிக்கும் அக்கா மகன், 'எதுக்கு சித்தி மாசாமாசம் காசு, ஓப்பன் சோர்ஸ்ல நெக்ஸ்ட்கிளவுட் போட்டுத் தர்றேன், நம்ம ஃபைல் நம்மகிட்டயே இருக்கும்' என்கிறான். எதைச் செய்யட்டும்?"

— ஒரு வாசகி, கோத்தகிரி

வணக்கம்மா. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: 2 டெராபைட்டும் வாங்க வேண்டாம், நம் கம்ப்யூட்டரிலேயே கூகுள் டிரைவ் போல ஒன்றை நடத்தும் நெக்ஸ்ட்கிளவுடும் போட வேண்டாம். இரண்டு கடைக்கும் நடுவில் சிங்க்திங் என்ற ஓப்பன் சோர்ஸ் மென்பொருளைப் போடுங்கள், முடிந்த வேலைகளுக்கு மட்டும் கூகுளில் ஒரு சின்னக் கட்டணத் திட்டம் எடுங்கள், பழைய படங்கள் எல்லாவற்றுக்கும் இரண்டு புது ஹார்டு டிஸ்க் வாங்கி அதில் ஒன்றை மலையை விட்டுக் கீழே அனுப்பிவிடுங்கள். ஏன் இப்படிப் பிரிக்கிறேன் என்பதைத்தான் இனி விரிவாகச் சொல்லப் போகிறேன், ஏனென்றால் காரணம் தெரியாமல் செய்தால் ஆறு மாதத்தில் யாராவது வந்து வேறு ஒன்றைச் சொல்லும்போது எல்லாவற்றையும் மாற்றிவிடுவீர்கள்.

உங்கள் கடிதத்தில் மூன்று தனித்தனிச் சிக்கல்கள் இருக்கின்றன. டிஸ்க் போய்விட்டது, அது பேக்கப், அதாவது தனியாக எடுத்து வைத்த இன்னொரு பிரதி, இல்லாத சிக்கல். கோத்தகிரியிலும் குன்னூரிலும் ஒரே ஃபைலில் வேலை செய்ய வேண்டியிருக்கிறது, அது சிங்க், அதாவது இரண்டு கம்ப்யூட்டரிலும் ஃபைலை ஒரே மாதிரி வைத்திருக்கும் சிக்கல். மெயில் நிறைந்துவிட்டது, அது மூன்றாவது. இந்த மூன்றையும் ஒரே மருந்தால் குணப்படுத்த அவரும் பார்க்கிறார், பையனும் பார்க்கிறான். இந்த மலையில் கடைகளுக்கும் சின்ன அலுவலகங்களுக்கும் கம்ப்யூட்டர் வேலை பார்த்துக் கொடுக்கிற எனக்கு, சிங்க் செய்துவிட்டால் பேக்கப் ஆகிவிட்டது என்று நம்பி இருக்கிறவர்களைப் பார்த்தால் உண்மையிலேயே கவலையாக இருக்கிறது. இங்கே ஒரு ஃபைலை அழித்தால் அங்கேயும் அழிவது, இங்கே ஒன்று கெட்டுப்போனால் அங்கேயும் கெட்டது போய்ச் சேருவது, அதுதான் சிங்க்கின் வேலையே. தம்பி தெரியாமல் ஒரு கல்யாண ஃபோல்டரை டெலிட் செய்தால் கொஞ்ச நேரத்தில் உங்கள் கம்ப்யூட்டரிலும் இருக்காது. வைரஸ் புகுந்து எல்லா ஃபைலையும் பூட்டிப் பணம் கேட்டால், பூட்டிய ஃபைல்தான் அங்கேயும் போகும். காசு கட்டினாலும் கட்டாவிட்டாலும் இது மாறாது. கூகுள் டிரைவில் அழித்தது 30 நாள் குப்பைத்தொட்டியில் கிடக்கும், அதற்குள் கவனித்தால் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் கல்யாணப் படம் காணோம் என்பது எப்போது தெரியும்? அந்தப் பெண் வீட்டார் முதல் குழந்தை பிறந்த பிறகு ஒரு காப்பி கேட்டு வரும்போது.

அடுத்து, அவர் சொன்ன 2 டெராபைட். உங்களிடம் இருப்பதே மூன்று டெராபைட்டுக்கு மேல், அது இதில் அடங்காது. அடங்கும் என்றே வைத்துக்கொண்டாலும் ஏற்ற வேண்டுமே. உங்கள் ஃபைபர் லைனில் மேலே அனுப்பும் வேகம் நொடிக்கு 20 மெகாபிட் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், எட்டு மெகாபிட் சேர்ந்தால்தான் ஒரு மெகாபைட், அந்தக் கணக்கில் மூன்று டெராபைட் ஏற இரவு பகல் நிற்காமல் 14 நாள் ஆகும். அதுவும் கரண்ட் போகாமல், நெட் போகாமல், கோத்தகிரியில். ஒரே ஒரு 64 ஜிபி மெமரி கார்டு ஏறவே ஏழு மணி நேரம். நீங்கள் ஒரு முகூர்த்த வாரத்தில் நாலைந்து கார்டு நிரப்புகிறவர்கள், கேமராவிலிருந்து அப்படியே வரும் பெரிய ரா ஃபைலை எல்லாம் மேலே ஏற்றி வைப்பது உங்கள் லைனுக்குத் தாங்காது. விலையைப் பொறுத்தவரை 2 டெராபைட் மாதம் 650 ரூபாய் அளவில் இருந்து வந்திருக்கிறது, வாங்கும் நாளில் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். ஐந்து வருடம் கட்டினால் நாற்பதாயிரத்தை நெருங்கும், நிறுத்திய மாதத்திலிருந்து தலைவலி ஆரம்பிக்கும்: இடம் மீறிவிட்டால் புதிதாக எதுவும் ஏறாது, அதே கணக்கில் இருக்கும் ஜிமெயிலில் மெயில் வருவதும் போவதும்கூட நின்றுவிடும், அப்படியே இரண்டு வருடம் இடம் மீறிய நிலையில் இருந்தால் உள்ளே இருப்பதை அழிக்கலாம் என்று அவர்கள் விதிமுறையிலேயே இருக்கிறது. விதிமுறை மாறவும் செய்யும். கூகுள் போட்டோஸில் எத்தனை படம் வேண்டுமானாலும் இலவசம் என்று இருந்ததை நம்பி வருடக்கணக்காக ஏற்றியவர்கள் எத்தனையோ பேர், 2021 ஜூன் 1 முதல் புதிதாக ஏற்றுவதெல்லாம் அந்த 15 ஜிபி கணக்கில் சேர ஆரம்பித்துவிட்டது. உங்கள் மெயில் நிறைந்ததற்கும் பெரும்பாலும் அதுதான் காரணம், போனில் எடுக்கும் படங்கள் தானாக ஏறிக்கொண்டிருக்கும். அதை நிறுத்திவிட்டுப் பழையதைக் கம்ப்யூட்டரில் இறக்கிக்கொண்டு காலி செய்யுங்கள், மூன்றாவது சிக்கல் அத்துடன் தீர்ந்தது.

ஸ்டுடியோ வைத்திருப்பவர் என்பதால் இன்னொன்றையும் உங்களிடம் சொல்லியே ஆக வேண்டும். நம் வீடுகளில் குழந்தையை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும்போது, தொட்டிலில் போடும்போது உடுப்பில்லாமல் படம் எடுப்பது சாதாரணம், உங்களிடமும் அப்படிப் படங்கள் கண்டிப்பாக இருக்கும். மேலே ஏறும் படங்களை இந்த நிறுவனங்கள் இயந்திரத்தை வைத்துச் சோதிக்கின்றன, குழந்தைகளைக் காப்பாற்றுவதற்கு அது தேவையும்கூட. ஆனால் அமெரிக்காவில் ஒரு தகப்பன் தன் குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்று டாக்டருக்கு அனுப்ப எடுத்த படம் அப்படி மாட்டி, அவருடைய கூகுள் கணக்கு முழுவதும் மூடப்பட்டது, போலீஸ் விசாரித்து அவர்மேல் தப்பில்லை என்று சொன்ன பிறகும் கணக்கு திரும்பவில்லை. 2022-இல் இந்தச் செய்தி பரவலாக வெளிவந்தது. கணக்கு போனால் மெயில், போன் நம்பர்கள், கடையின் வரவு செலவு எல்லாம் சேர்ந்து போகும். ஆகவே குழந்தைப் படங்கள் இருக்கும் ஃபோல்டரை எந்த நிறுவனத்தின் கிளவுடிலும் ஏற்றாதீர்கள், அவை டிஸ்க்கில் மட்டும் இருக்கட்டும். படத்தில் இருக்கிற குழந்தைக்கும் அதுதான் மரியாதை.

இவ்வளவு சொன்னதால் கட்டணக் கிளவுடே கூடாது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். தீப்பிடித்தாலும் மண் சரிந்தாலும் வேறு ஏதோ ஒரு ஊரில் பத்திரமாக இருக்கும், பராமரிப்பு என்று நீங்கள் எதுவுமே செய்ய வேண்டாம், வாடிக்கையாளருக்கு ஒரு லிங்க் அனுப்பினால் துபாயில் இருக்கும் அண்ணன் தங்கை கல்யாணத்தைப் பார்த்துவிடுவார். இதெல்லாம் காசு கொடுக்கத் தகுந்த வசதிகள். எடிட் செய்து முடித்த ஜேபெக் படங்களும் ஆல்பத்தின் கடைசி வடிவமும் ஒரு கல்யாணத்துக்கு நாலைந்து ஜிபிதான் வரும். வருடத்துக்கு முப்பது கல்யாணம் என்றாலும் 150 ஜிபி. 200 ஜிபி திட்டம் போதும், மாதம் இருநூறு ரூபாயைச் சுற்றித்தான் வரும். வருடா வருடம் பழையதை டிஸ்க்கில் சரிபார்த்துக்கொண்டு மேலேயிருந்து இறக்கிவிட்டால் பெரிய திட்டத்துக்குப் போகவே வேண்டியிருக்காது. டிரைவ் மென்பொருளைக் கம்ப்யூட்டரில் போடும்போது 'ஸ்ட்ரீம்' என்றும் 'மிரர்' என்றும் இரண்டு வழி கேட்கும், மிரரையே எடுங்கள். ஸ்ட்ரீமில் ஃபைல் இருப்பதுபோல் தெரியும், நிஜத்தில் மேலே இருக்கும், நெட் இல்லாத நாளில் திறக்கப்போனால் வராது.

சரி, அக்கா மகனுக்கு வருவோம். ஆர்வமுள்ள பையன், அவன் சொல்வதிலும் பெரிய நியாயம் இருக்கிறது. நெக்ஸ்ட்கிளவுட் நல்ல மென்பொருள், 2016-இல் ஓன்கிளவுடிலிருந்து பிரிந்து ஃபிராங்க் கார்லிட்செக் தொடங்கியது, பெரிய பெரிய அரசு அலுவலகங்கள் ஐரோப்பாவில் அதை வைத்து ஓட்டுகின்றன. ஆனால் அதை ஓட்ட அங்கே சம்பளத்துக்கு ஆள் இருக்கிறார். அது ஒரு சர்வர், எப்போதும் ஓடிக்கொண்டிருந்து மற்ற கம்ப்யூட்டர்களுக்கு ஃபைல் எடுத்துக் கொடுக்கும் கம்ப்யூட்டர். அதற்குக் கீழே ஒரு டேட்டாபேஸ், பிஹெச்பி, வெளியிலிருந்து வர ஒரு முகவரி, அந்த முகவரிக்குச் சான்றிதழ் என்று ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். பெரிய பதிப்பு மாறும்போது நடுவில் ஒன்றைத் தாண்டிப் போக முடியாது, ஒவ்வொன்றாகத்தான் ஏற வேண்டும், ஒரு வருடம் கவனிக்காமல் விட்டால் அதுவே தனி வேலை ஆகிவிடும். கவனிக்காமல் நெட்டில் திறந்து கிடக்கும் சர்வரைத் தேடிக்கொண்டே இருக்கிற கூட்டமும் இருக்கிறது. இங்கே பல ஃபைபர், 4ஜி இணைப்புகளில் நமக்கென்று தனி ஐபி முகவரி தருவதில்லை, பல வீடுகள் ஒரே முகவரிக்குப் பின்னால் இருக்கும், அதனால் வெளியிலிருந்து உங்கள் சர்வருக்கு வருவதற்கே சுற்று வழி கட்ட வேண்டும். பையன் இதையெல்லாம் ஒரு தீபாவளி லீவில் உட்கார்ந்து செய்துவிடுவான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அப்புறம் அவன் படிப்பு முடிந்து சென்னைக்கோ பெங்களூருக்கோ வேலைக்குப் போவான். ஒரு முகூர்த்த நாளில் காலை ஆறு மணிக்கு அது நின்றுபோனால் யார் பார்ப்பது? எந்த மென்பொருளைப் பற்றி என்னிடம் கேட்டாலும் நான் முதலில் கேட்பது இதைத்தான், விலையை அல்ல. கட்டணக் கிளவுடில் நீங்கள் கொடுக்கும் பணத்தில் பெரும்பங்கு இடத்துக்கான வாடகை மட்டுமில்லை, ராத்திரி விழித்திருந்து பார்க்கிற ஆளுக்கான கூலி. அந்த ஆளை உங்கள் வீட்டுக்குள் ஒரு படிக்கிற பையன் தலையில் வைக்காதீர்கள்.

சிங்க்திங்கை நான் சொல்வதற்குக் காரணமும் அதே கேள்விதான். அதில் சர்வரே கிடையாது. 2013-இல் யாகோப் போர்க் தொடங்கிய மென்பொருள், இலவசம், மூலநிரல் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. உங்கள் கம்ப்யூட்டரில் ஒன்று, தம்பியின் கம்ப்யூட்டரில் ஒன்று போட்டால் ஒவ்வொன்றுக்கும் நீளமான அடையாள எண் ஒன்று வரும், இங்கே உள்ளதை அங்கேயும் அங்கே உள்ளதை இங்கேயும் ஒருதரம் கொடுத்து ஒப்புக்கொண்டால் இரண்டும் நேராகப் பேசிக்கொள்ளும், வழியில் யாரும் பார்க்க முடியாதபடி பூட்டித்தான் அனுப்பும். தனி முகவரி இல்லாத இணைப்பாக இருந்தாலும் தானே வழி தேடும், நேர்வழி அமையாவிட்டால் தன்னார்வலர்கள் நடத்தும் இடைக்கணினி வழியாக வரும், அப்போது மெதுவாகும், அவ்வளவுதான். நாளைக்கு இந்த மென்பொருளே நின்றுபோனால்கூட உங்கள் ஃபைல்கள் சாதாரண ஃபோல்டரில் சாதாரண ஃபைலாக இருக்கும். யாரிடமும் போய்த் திருப்பிக் கேட்க வேண்டியதில்லை.

அதில் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை சில இருக்கின்றன. இரண்டு கம்ப்யூட்டரும் ஒரே நேரத்தில் ஆன் ஆகி இருந்தால்தான் ஃபைல் நகரும். நீங்கள் ஒன்பது மணிக்கு அணைத்துவிட்டுத் தம்பி பத்து மணிக்குப் போட்டால் ஒன்றும் வராது. அதற்கு வீட்டில் கிடக்கும் பழைய லேப்டாப் ஒன்றை மூன்றாவது ஆளாக எப்போதும் ஓடவிடுங்கள், அது மாதம் பத்துப் பன்னிரண்டு யூனிட்டுக்கு மேல் இழுக்காது, பேட்டரி இன்னும் தாங்குகிறது என்றால் கரண்ட் போகும் நேரத்துக்கு யுபிஎஸ்ஸும் அதுவே. ரவுட்டருக்கு மட்டும் ஒரு சின்ன யுபிஎஸ் போட்டுக்கொள்ளுங்கள்.

அந்த லேப்டாப்பில் 'ஃபைல் வெர்ஷனிங்' என்ற வசதியைக் கட்டாயம் ஆன் செய்யச் சொல்லுங்கள், போட்ட உடனே அது ஆஃபில்தான் இருக்கும். ஆன் செய்தால், மற்ற கம்ப்யூட்டரில் யாராவது அழித்ததும் மாற்றியதும் இங்கே ஒரு பழைய பிரதியாக ஒதுங்கி இருக்கும். மற்றவர்கள் செய்த மாற்றத்துக்குத்தான் அது பிரதி வைக்கும், அதே லேப்டாப்பில் உட்கார்ந்து நீங்களே அழித்தால் வைக்காது. ஆகவே அந்த லேப்டாப்பை யாரும் தொட வேண்டாம், பிள்ளைகள் விளையாடவும் கூடாது.

ஒரே ஆல்பம் ஃபைலை நீங்களும் தம்பியும் ஒரே நேரத்தில் திறந்து வேலை செய்தால், 'சிங்க் கான்ஃப்ளிக்ட்' என்று பெயர் ஒட்டி இரண்டாவது பிரதி ஒன்று வந்து நிற்கும். எதுவும் தொலையாது, ஆனால் எது யார் செய்தது என்று பிரித்துப் பார்க்கும் வேலை உங்கள் தலையில் விழும். 'அம்மா வேலை', 'தம்பி வேலை' என்று இரண்டு ஃபோல்டர் வைத்து, யார் ஃபோல்டரில் இருக்கிறதோ அவர்தான் கை வைக்கலாம் என்று பேசிக்கொள்ளுங்கள். படம் எடிட் செய்யும் லைட்ரூம் மென்பொருளின் கேட்டலாக் ஃபைலையும் டேலி கணக்கையும் இதில் சேர்க்கவே கூடாது. அவை திறந்திருக்கும்போதே உள்ளுக்குள் மாறிக்கொண்டிருப்பவை, பாதி மாறிய நிலையில் நகர்ந்தால் கெட்டுப்போகும். போனுக்கும் இதை நம்பாதீர்கள், ஆண்ட்ராய்டுக்கான அதிகாரபூர்வ செயலியை 2024 டிசம்பரோடு நிறுத்திவிட்டார்கள், வேறு சிலர் அதன் கிளையை எடுத்து நடத்துகிறார்கள் என்றாலும் கடை வேலைக்குக் கம்ப்யூட்டர் போதும்.

முதல் தடவை இருக்கிற ஃபைல்களை நெட் வழியாக அனுப்பாதீர்கள். ஒரு டிஸ்க்கில் காப்பி எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு குன்னூர் பஸ் ஏறுங்கள், தம்பி கம்ப்யூட்டரில் அதே ஃபோல்டர் அமைப்பில் இறக்கிவிட்டு அப்புறம் இரண்டையும் இணைத்தால், இரண்டு பக்கமும் ஒன்றுதான் என்று சிங்க்திங் தானே பார்த்துப் புரிந்துகொள்ளும், புதிதாகச் சேர்வது மட்டும் நகரும். மொத்தமாக ஒரு டெராபைட்டைக் குன்னூருக்குக் கொண்டுபோக பஸ்ஸை விட வேகமான வழி இப்போதைக்கு உங்களுக்கு இல்லை.

இனி டிஸ்க். இதுதான் உங்கள் நிஜமான பிரச்சினை, கடிதத்தில் ஒரு வரியில் கடந்துவிட்டீர்கள். பீட்டர் குரோ என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் சொல்லிப் பரவிய கணக்கு ஒன்று உண்டு: எதுவானாலும் மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனத்தில், அதில் ஒன்றாவது வேறு இடத்தில். உங்களிடம் பல படங்களுக்கு இப்போது ஒரே பிரதிதான் இருக்கிறது. வேறு எதற்கும் முன்னால், இந்த வாரமே, நாலு டெராபைட் டிஸ்க் இரண்டு வாங்கி எல்லாவற்றையும் இரண்டிலும் ஏற்றுங்கள். ஒரே நாளில் ஒரே கடையில் ஒரே கம்பெனியில் இரண்டும் வாங்காமல் இருந்தால் நல்லது, ஒரே தொகுப்பில் வந்தவை ஒரே சமயத்தில் பழுதாக வாய்ப்பு கூடுதல்.

வேறு இடம் என்றதும் குன்னூர் கடை என்று நினைப்பீர்கள். நான் அதை ஏற்க மாட்டேன். 2009 நவம்பர் மழையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள், கோத்தகிரி, குன்னூர், ஊட்டி என்று எல்லாப் பக்கமும் நூற்றுக்கணக்கான இடங்களில் மண் சரிந்து, வீடுகளோடு மனிதர்களும் போனார்கள். இந்த மலையில் இரண்டு ஊர் என்பது அப்படிப்பட்ட மழைக்கு ஒரே ஊர்தான். ஒரு டிஸ்க் மேட்டுப்பாளையத்திலோ கோயம்புத்தூரில் உங்கள் அக்கா வீட்டிலோ இருக்கட்டும். அக்கா மகன் லீவுக்கு வரும்போது கொண்டுவரட்டும், அதுவரை சேர்ந்ததை ஏற்றிக்கொண்டு திரும்பப் போகட்டும். அவனுக்குக் கொடுக்க வேண்டிய உருப்படியான பொறுப்பு இது.

மலையில் உங்களிடம் இருக்கும் டிஸ்க்கை அலமாரியில் அப்படியே வைக்காதீர்கள். லென்ஸில் பூஞ்சை பிடிக்காமல் இருக்க சிலிக்கா ஜெல் போட்டுக் காற்றுப் புகாத டப்பாவில் வைப்பீர்கள் இல்லையா, டிஸ்க்கையும் அதிலேயே வையுங்கள். மழை நாளில் வெளியிலிருந்து சில்லென்று வந்த டிஸ்க்கை உடனே செருகாமல் அறைச் சூட்டுக்கு வரும்வரை விட்டுவைத்து அப்புறம் செருகுங்கள், உள்ளே ஈரம் படிந்திருந்தால் அதுவே அதைக் கொன்றுவிடும். மலை உயரத்தில் ஹார்டு டிஸ்க் சரியாக ஓடாது என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம், சாதாரணமாக மூவாயிரம் மீட்டர் வரை ஓடும் என்றுதான் செய்கிறார்கள், தொட்டபெட்டா உச்சியே 2,637 மீட்டர்தான். கரண்ட் வந்து வந்து போகும்போது டிஸ்க் எழுதிக்கொண்டிருப்பது நல்லதல்ல, காப்பி எடுக்கும் கம்ப்யூட்டர் யுபிஎஸ்ஸில் இருக்கட்டும்.

மூன்று மாதத்துக்கு ஒருதரம் ஏதாவது ஒரு பழைய கல்யாணத்தை அந்த டிஸ்க்கிலிருந்து திறந்து பாருங்கள், ஃபோல்டர் பெயரை மட்டும் பார்க்காமல் படத்தையே திறந்து பாருங்கள். இன்னொன்று, ரசீதில் ஒரு வரி சேருங்கள்: படங்களை இத்தனை வருடம் வரைக்கும்தான் பாதுகாப்போம், அதற்குள் பென் டிரைவில் வாங்கிக்கொள்ளவும் என்று. எவ்வளவு காலம் என்பது உங்கள் முடிவு. சொல்லாமல் விட்டால் வாழ்நாள் முழுக்க என்று அவர்கள் நினைத்துக்கொள்வார்கள், நீங்களும் அந்த பாரத்தைச் சுமந்துகொண்டே இருப்பீர்கள்.

கடைசியாகக் கூகுள் கணக்கு. அது உங்கள் கணவர் போனில் வரும் ஓடிபியில்தான் திறக்கும் என்று நினைக்கிறேன், அவர் சிக்னல் இல்லாத ஹட்டியில் கல்யாணம் எடுத்துக்கொண்டிருக்கும்போது உங்களுக்கு உள்ளே போக வழி இருக்காது. கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தில் ஓடிபிக்குப் பதிலாகப் பயன்படும் 'பேக்கப் கோடு' பத்து கொடுப்பார்கள், இரண்டு தாளில் அச்செடுத்து ஒன்றை வீட்டு பீரோவிலும் ஒன்றை அக்கா வீட்டிலும் வையுங்கள். திறக்காமல் போன அந்தப் பழைய டிஸ்க்கைத் தூக்கிப் போடாதீர்கள், திரும்பத் திரும்ப செருகிப் பார்க்கவும் வேண்டாம், கோயம்புத்தூரில் டேட்டா ரெகவரி செய்யும் இடத்தில் கொடுத்து, பார்ப்பதற்கு எவ்வளவு, மீட்டுத் தந்தால் எவ்வளவு என்று முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அந்தக் கல்யாண வீட்டுக்கு இன்னும் ஒரு வாய்ப்பு இருக்கிறது.